பச்சை விளக்குகள்

ஸ்கான் நிலையத்தின் கணினிச் சேவர் அறையில் ஏசி இரைகிறது. பழைய சேவர் செத்துப்போக, நோயாளிகளின் படங்கள் கிடக்கும் டிஸ்க் பெட்டியைத் தயாளினி புதிய மூன்று சேவர்களோடு இணைத்திருக்கிறாள். சேவர்களை ஆளும் மென்பொருள் பெட்டியைக் கண்டுகொள்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, அழித்துவிட்டுத் தொடங்கவா என்று கேட்கிறது. நேற்றும் இதைத்தான் கேட்டது. படங்களுக்கு வேறு பிரதி இல்லை. அவளுடைய விரல் மவுஸின் மேல் அசையாமல் கிடக்கிறது. பெட்டியின் நெற்றியில் வாணிவிழாப் பூசையில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, அதன் கீழே மின்சாரம் வருவதை மட்டும் காட்டும் பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்குகின்றன. பச்சைக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. மகனின் ஒப்பரேசனுக்குப் பழைய தலைப் படம் கேட்டு நீர்வேலியிலிருந்து வந்த உதயகலா வெளியே நிற்கிறாள். கவுண்டர்க்கார சுபாஸ்கரன் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்புகிறான். "எல்லாம் பச்சையாத்தான் எரியுது. இப்ப வந்திடும், இருங்கோ அக்கா." உதயகலா திரும்பவும் கதிரையில் அமர்வது தயாளினிக்குக் கண்ணாடியில் தெரிகிறது.