மட்டைகள் நடத்திய பாடம்

ஒரு விடுகதை. பேஸ்பால் தூரத்திலிருந்து, தோளுக்கு மேலாக வீசப்பட்டு வரும். சாஃப்ட்பால் கிட்டத்திலிருந்து, இடுப்புக்குக் கீழாக வீசப்பட்டு வரும். எதை அடிப்பது எளிது?

எழிலரசிக்கும் விடை தெரியவில்லை. அன்று மாலை பள்ளி சாஃப்ட்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் அண்ணனின் பேஸ்பால் மட்டையும் பள்ளியின் சாஃப்ட்பால் மட்டையும் மைதானத்தில் அவளுக்குப் பாடம் நடத்தின.

"பந்து இறங்கி வரும். மட்டையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சுழற்றும்மா," என்றது பேஸ்பால் மட்டை.

"அதெல்லாம் உங்க ஆட்டத்துக்கு அண்ணே. இங்கே மேலிருந்து கீழே வெட்டணும்," என்றது சாஃப்ட்பால் மட்டை.

எழிலரசி இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். தோழி பத்துத் தடவை வீசியும் பந்து மட்டையில் படாமல் பின்னால் போனது.

புல்லில் கிடந்த பந்து கேட்டது: "கடைசியா நான் எந்த உயரத்தில் வந்தேன், சொல்லு பார்ப்போம்?"

"கவனிக்கலை. இவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"பத்துத் தடவை வந்தேனே. ஒரு தடவையாவது என்னைப் பார்த்திருக்கலாம்."

"நீ குறுக்கே பேசாதே," என்றன மட்டைகள் இரண்டும். அன்று அவை ஒத்துப்போனது இதில் மட்டும்தான்.

விசில் கேட்டது. எழிலரசி சாஃப்ட்பால் மட்டையை எடுத்துக்கொண்டாள். தேர்வு முடியும்வரை பேசக் கூடாது என்று அதனிடம் சொல்லிவிட்டு, ஆடப் போனாள்.