ரீல் மாற்றிய நேரம்

படத்தில் சித்தி குழந்தையின் கையில் சூடு போட்டாள்.

கிருஷ்ணகிரி கொட்டகையில் பெண்கள் பெஞ்சு முழுக்க உச்சுக் கொட்டியது. நீ நாசமாய்ப் போக என்று யாரோ ஒருத்தி திரையைப் பார்த்துச் சபித்தாள்.

வெங்கடம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு ஒரு படம், மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு படம், இப்போது இது. மூன்றிலும் சித்தி. மூன்றிலும் பழுக்கக் காய்ச்சிய கரண்டி. ஒரு படத்திலாவது சித்தி குழந்தைக்குத் தலை வாரிவிட மாட்டாளா?

பக்கத்தில் சம்பங்கி, கணவன் கோவிந்தப்பனின் மூத்த தாரத்து மகள். இப்போது எட்டு வயது. வெங்கடம்மாள் மத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஐந்து.

போன வருஷம் சம்பங்கிக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே கிடந்தவள் வெங்கடம்மாள்தான். அதையெல்லாம் யார் படம் எடுக்கிறார்கள்?

ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டார்கள்.

பின் பெஞ்சிலிருந்து நாகம்மா எட்டிப் பார்த்தாள். மத்தூர்க்காரி, தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

"ஏம் புள்ள, உன் சித்தியும் இப்படித்தான் பண்றாளா? பயப்படாம சொல்லு."

தலைகள் திரும்பின. சம்பங்கிக்கு அந்தப் பக்கம் முறுக்குத் தின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத பெண், மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை. வெங்கடம்மாள் அதற்காகக் காத்திருந்தாள்.

சம்பங்கி தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகு வெங்கடம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் சித்தி திருந்தி அழுதாளாம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கோவிந்தப்பன் சொன்னான். நல்ல படம் என்றான்.

மத்தூர் பஸ் பாதி தூரம் போகும்வரை அவள் பொறுத்தாள். பிறகு முடியவில்லை. இந்த மூன்று வருஷத்தில் உன்னை ஒரு அடி அடித்திருப்பேனா, அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தியைப் பார்க்கிற பார்வை.

சம்பங்கி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைன்னு சொன்னா நீ சித்தின்னு ஆயிடும்ல. பக்கத்துல முறுக்குத் தின்ன அக்காகிட்ட, நீதான் என்னைப் பெத்தவன்னு சொல்லி வெச்சிருந்தேன், சின்னம்மா."