பழைய வீட்டுச் சலுகை

“உங்க வீட்டுக்கு வரி வேணாம், பாய். பணத்தை உள்ள வைங்க.”

நகராட்சி கவுண்டரில் இருந்த பெண், பாட்சா நீட்டிய நோட்டுகளைத் திருப்பித் தள்ளினாள். பாட்சா நகரவில்லை. “முப்பது வருசமா கட்டிக்கினு இருக்கேம்மா. புது ரேட்டே போட்டுக்கோ. எப்பவும் போல ஒரு ரசீது மட்டும் குடுத்துடு” என்று கெஞ்சினார்.

“மேலிடத்து உத்தரவு, பாய். அடுத்தவங்க வாங்க.”

அடுத்தவர் சாம்பசிவன். பாட்சாவின் பின்வீட்டுக்காரர். அவருக்கு அந்தப் பெண் சொன்ன தொகை, போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. பி.எஃப். பணம் மொத்தத்தையும் மனைவி சாவித்ரியின் வளையல்களையும் போட்டு, நான்கு வருஷத்துக்கு முன் கட்டிய வீடு. கடனே இன்னும் அடையவில்லை. வரியைக் கட்டாமலே வரிசையை விட்டு வெளியே வந்து, பாட்சாவை வாசலில் மடக்கினார்.

“என்ன பாய், உங்களுக்கு மட்டும் ஃப்ரீயா?”

பாட்சா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “பழைய வூடு இல்ல சார். ரொம்ப நாளா இருக்கிறவங்களுக்கு ஏதோ சலுகையாம்.”

“அதே குப்பை வண்டி, அதே தண்ணி லாரி, அதே கொசு. எனக்கு டபுள், உங்களுக்கு சைபர். இது எந்த ஊர் நியாயம்? வாங்க, ஆபீசரையே கேட்டுடலாம்.”

“வேணாம் சார்.” பாட்சா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “உங்க வரியில பாதியை நான் தரேன். உள்ள மட்டும் போவாதீங்க.”

மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். சாம்பசிவன் கையை உதறிவிட்டு, வருவாய் அதிகாரி வேதாவின் அறைக்குள் நுழைந்தார். பாட்சாவும் பின்னாலேயே ஓடி வந்தார்.

“மேடம், பாட்சா பாய்க்குச் சலுகை உண்டுன்னா எனக்கும் வேணும்.”

“நீங்க எந்த வீடு சார்?”

“பின்பக்கத் தெரு. பாய் வீட்டுக்கு நேர் முதுகு.”

“அது வேற மனையாச்சே?”

“வேற மனையா? பாயோட மனையில பாதியைத்தான் நான் வாங்கினேன். கட்டடம் புதுசா இருக்கலாம் மேடம். மண்ணு ஒண்ணுதானே?”

வேதா பேனாவை மூடி வைத்தார். “அப்படியா, பாய்?”

“இல்லம்மா. இவருக்கு நான் எதுவும் விக்கல. அல்லா மேல...” ஆணையிட வாய் வராமல் பாட்சா நிறுத்திக்கொண்டார்.

சாம்பசிவனுக்கு மனசு விட்டுப்போயிற்று. நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி கொடுத்தனுப்புகிற மனுஷர், ஒரு வரிச் சலுகைக்காக இப்படிப் புளுகுவாரா?

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு மேடம். பாதி அவர் பக்கம், பாதி என் பக்கம். ஆளை அனுப்பிப் பாருங்க. வாய்க்கு வந்ததைப் பேசறாரு இவரு.”

பாட்சா சுவரோரத்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “போச்சு” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

வேதா பாட்சாவின் கோப்பை எடுத்துப் பிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “அந்த மனை முழுக்க ஏரிப் புறம்போக்கு சார். அடுத்த மாசம் இடிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு. வரி வாங்கினா வீட்டை நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான் பாய்கிட்ட வாங்கறதில்லை. பின்பக்கத் தெருவை நாங்க சேர்க்கவே இல்லை.”

“எனக்கே நோட்டீஸ் வந்தப்புறம்தான் தெரியும் சார்” என்றார் பாட்சா. தலை குனிந்தே இருந்தது. “உங்க வூடாவது தப்பட்டும்னு பாத்தேன்.”

சாம்பசிவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் ஒழுங்கா வரி கட்டிடறேன் மேடம். டபுளாவே கட்டிடறேன்.”

வேதா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இனிமே உங்களுக்கும் வரி கிடையாது சார்.”