வில்வ மரத்துப் புழு

"இன்னாய்யா இது, வில்வமா சல்லடையா?"

தர்மகர்த்தா கூடையை அப்படியே கவிழ்த்தார். திருப்பாச்சூர் கோயில் நந்தவனத்துக்காரர் மணவாளன் குனிந்து இலைகளைப் பொறுக்கினார். ஓட்டை இலை அர்ச்சனைக்கு ஆகாது என்று அவருக்கு மட்டும் தெரியாதா?

"புழுங்க. தினம் நசுக்கிக்கினுதான் இருக்கேன். மறுநாள் பாத்தா திரும்ப உக்காந்துக்கினு இருக்குது."

"நாளைக்குப் பிரதோஷம். நாளைக்கும் இதே கதின்னா நந்தவனத்துக்கு வேற ஆள் பாத்துடுவேன்."

மணவாளனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தடிக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். மஞ்சள் புள்ளி போட்ட கறுப்புப் பட்டாம்பூச்சி கொழுந்தில் முட்டை வைப்பதை அவரும் பார்த்திருக்கிறார். பொரிந்தால் முதலில் காக்கை எச்சம் மாதிரி பொடிப் புழுதானே இருக்கும்? இங்கே தினம் காலையில் விரல் தண்டிப் பச்சைப் புழு அல்லவா புதிதாக உட்கார்ந்திருக்கிறது! ஒரே ராத்திரியில் வளர்ந்ததா? இல்லை. யாரோ கொண்டுவந்து விடுகிறார்கள். தன் பிழைப்பைக் கெடுக்கத்தான்!

விடியும் முன்னே மதிலுக்கு வெளியே இருந்த சந்தில் போய்ப் பதுங்கினார்.

வெளிச்சம் வந்ததும் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் சந்துக்குள் வந்தாள். மதிலுக்கு வெளியே தொங்கிய வில்வக் கிளையை வளைத்தாள். கொட்டாங்கச்சியிலிருந்து ஒவ்வொரு புழுவாக எடுத்து இலைமேல் விட்டாள். பார்த்தால், எதிர்த்தெரு ஹபிபுல்லாவின் மனைவி ஜெய்னம்பு!

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. மணவாளன் பாய்ந்து வெளியே வந்தார்.

"உனக்கு நான் இன்னாம்மா கெடுதல் பண்ணேன்? என் சோத்துல ஏம்மா மண்ணைப் போடறே?"

அவளோ சிரித்தாள்.

"கெடுதலா? நல்லா கேட்டீங்க அண்ணே! எங்க ஊட்டு எலுமிச்சையில பொறந்ததுங்க. அவரு டி.டி.டி. பவுடர் தூவியே தீருவேன்னு நிக்கிறாரு. நாளைக்கு ரெக்கை முளைச்சுப் பறக்கப்போற உசுரு, எனக்கு மனசு வரல. கொய்யாவுல உட்டுப் பாத்தேன், முருங்கையில உட்டுப் பாத்தேன், வாயே வைக்கல. வில்வம்னா மட்டும் தின்னுதுங்க."

"அதுக்கு? ஊர்ல வேற வில்வமே இல்லியா?"

"இருக்குது. அங்கெல்லாம் கொன்னுடுவாங்களே! போன மாசம் நந்தவனத்துல பாம்பு வந்தப்போ, தடியோட வந்தவங்களை வெரட்டிட்டு, 'சிவன் எடத்துல நான் புழு பூச்சியைக்கூட கொல்றதில்ல'ன்னு தெருவே கேக்கச் சொன்னீங்களே அண்ணே, அன்னியிலேருந்து உங்களை நம்பித்தான் உட்டுக்கினு வரேன்."

காலிக் கொட்டாங்கச்சியைத் தட்டிவிட்டு, ஆசையாகக் கேட்டாள்:

"இதுவரைக்கும் எத்தினி பறந்துச்சு அண்ணே?"