நடைப்பாய் சொன்னது

எதிர்வீட்டு ஹேமலதாவின் மகள் ஆதிரையைப் பெண் பார்க்க வந்தவர்கள், பூ பழத்தோடு, நடையை வைத்தே உடம்பின் கோளாறைச் சொல்லிவிடும் நடைப்பாயையும் கொண்டுவந்திருந்தார்கள். இப்போதெல்லாம் பெண்ணை யார் பாடச் சொல்கிறார்கள்? உறைமோர் வாங்கும் சாக்கில் போன நானும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆதிரை பாயில் அழகாகத்தான் நடந்தாள். பாய்தான் வாயைத் திறந்தது: “இடது இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது. இரண்டு வருடமாக வலியை மறைத்து நடக்கிறார். நாற்பது வயதுக்குள் மூட்டை மாற்ற வேண்டியிருக்கும்.”

“மிஷின் உளறுது சம்பந்தி!” என்றாள் ஹேமலதா. அதற்குள் சம்பந்தி! “பொறக்கறப்பவே இடுப்பு விலகியிருந்துச்சு. கைக்குழந்தையிலேயே மாவுக்கட்டு போட்டு முழுசா சரி பண்ணிட்டேன்.”

எங்கள் தெருவில் இந்தக் கதையைக் கேட்காத காதே கிடையாது.

வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“நெஜமாவே வலிக்குதாடி?”

ஆதிரை தலையாட்டினாள்.

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“சரி பண்ணிட்டேன்னு எல்லார்கிட்டயும் அவ்ளோ பெருமையா சொல்லுவியேம்மா. நான் எப்படிச் சொல்றது?”

ஹேமலதாவின் கை மகளின் இடுப்பருகே போய், எங்கே தொடுவதென்று தெரியாமல் நின்றது.

நான் உறைமோர் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.