நூறு நன்றி

விஸ்வநாத் பதினேழாவது நன்றியை வாசித்துக்கொண்டிருந்தபோது கிதியோன் எழுந்து வெளியே போய்விட்டார்.

மௌலா அலியில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவு. புது வருஷத்தின் முதல் வேலை நாள், மாலை டீ நேரம். அந்தமான் தீவில் ஒரு நலவாழ்வு முகாமில் பத்து நாள் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் விஸ்வநாத் வேலைக்குத் திரும்பியிருந்தார். நவம்பரில் ஸ்டென்ட் வைத்த உடம்பு. நாலு படி ஏறினாலே இரைத்தவர், இப்போது முகத்தில் பளபளப்போடு வந்து நின்றார். அதில் எல்லாருக்குமே சந்தோஷம்தான்.

காலையிலிருந்து அவர் செய்த உபதேசம்தான் தாங்கவில்லை. கேன்டீனில் ஒருவரை இட்லியை முப்பத்திரண்டு தடவை மெல்லச் சொன்னார். பதினாலு வருஷமாக எதிர் மேஜையில் இருக்கும் கிதியோனையும் விடவில்லை.

"ஏன் சார் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? மூச்சைக் கவனிங்க. மெதுவா உள்ள இழுங்க, மெதுவா விடுங்க. எல்லாம் சரியாயிடும்."

"ஹவ், பார்க்கறேன்" என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுவிட்டு கிதியோன் போல்ட் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

பொறாமை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார் விஸ்வநாத்.

முகாமில் தினமும் சாயங்காலம் மணலில் உட்கார்ந்து பத்து நன்றி எழுத வேண்டுமாம். பத்து நாளில் நூறு. அந்த நோட்டைத்தான் இப்போது டீயோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். கடலுக்கு நன்றி. தென்னை நிழலுக்கு நன்றி. பதினேழாவது, காலைக் கடிக்காமல் ஒதுங்கிப் போன நண்டுக்கு நன்றி.

அந்த நேரம் பார்த்துத்தான் கிதியோன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"பார்த்தீங்களா மேடம்?" விஸ்வநாத் நோட்டை மூடினார். பிரிவின் அதிகாரி ஜலஜா மட்டும்தான் எதிரே சிரித்தபடி இருந்தார். "செத்துப் பொழச்சு வந்திருக்கேன். ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு ஆரஞ்சு குடுத்ததோட சரி. ஊருக்குப் போறப்ப ஆளையே காணோம். ஹேப்பி ஜர்னின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா? நன்றின்னா என்னன்னே தெரியாத ஜென்மம்!"

ஜலஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"விடுங்க விஸ்வநாத்."

"விட்டுட்டேன் மேடம். மூணாவது நன்றியே உங்களுக்குத்தான் எழுதியிருக்கேன். வருஷக் கடைசி, ஸ்டாக் செக்கிங் வேற. லீவு எங்க கிடைக்கப்போகுதுன்னு நினைச்சுக்கிட்டேதான் என் வொய்ஃப் கையில அப்ளிகேஷன் குடுத்தனுப்பினேன். ரெண்டே நாள்ல சாங்ஷன்! முகாம்ல குருஜி சொன்னார், நமக்கு வேணும்னா பிரபஞ்சமே வழி விடும்னு. விட்டுச்சு பாருங்க!"

ஜலஜா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஸ்டோர்ஸ் சாவி யார் யார் கையில இருக்கலாம்?"

"என் கையில. இல்லாட்டி கிதியோன் கையில. இது என்ன மேடம் கேள்வி?"

"ஒருத்தர் லீவுல போனா இன்னொருத்தர் இருந்தே ஆகணும். டிசம்பர் கடைசிக்கு கிதியோன் அக்டோபர்லயே லீவு வாங்கி வச்சிருந்தார். உங்களுக்கு வழி விட்டது பிரபஞ்சம் இல்ல விஸ்வநாத்."

பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். நீங்க இப்படிப் பேசினதுக்கப்புறம் என்னால முடியல."

ஆங்கிலத்தில் ஒரு கடிதம். என் மகள் பெர்லினின் முதல் குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் மறுநாள் தூத்துக்குடியில் ஞானஸ்நானம். அதற்காக வாங்கிய விடுப்பை ரத்து செய்துகொள்கிறேன். அந்த நாட்களை விஸ்வநாத்துக்குக் கொடுக்கவும். அடியில் பென்சிலால் தமிழில் இரண்டு வரி இருந்தது.

"மேடம், டாக்டர் அவரை உடனே ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டாம், தெரிந்தால் போகமாட்டார்."

"நீங்க கிளம்பின அன்னிக்கு ஏன் ஆளைக் காணோம் தெரியுமா?" என்றார் ஜலஜா. "ஹேப்பி ஜர்னி சொல்ல வந்தா முகமே காட்டிக் குடுத்துடும்னு ஸ்டோர்ஸுக்குள்ளயே உட்கார்ந்திருந்தார்."

விஸ்வநாத் நோட்டைப் புரட்டினார். சூரியன் இருந்தது. மழை இருந்தது. முகாம் நாய்க்கு மட்டும் இரண்டு நன்றி. கிதியோன் என்ற பெயர் கடைசிப் பக்கம் வரைக்கும் இல்லை.

எழுந்து வெளியே போனார்.

பாதாம் மரத்தடியில் கிதியோன் போனைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். போனுக்குள் பல் முளைக்காத ஒரு வாய் சிரித்தது. "தாத்தா இங்க இருக்கேன் ராசா, இங்க..." என்றவர், நிழல் விழுந்ததும் திரும்பிப் பார்த்து அவசரமாகப் போனை அணைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். இந்த நேரத்துக்குத்தான் பேரன் முழிச்சிருப்பான். வீடியோவுலயாவது பார்ப்போம்னு வந்தேன். நண்டு வரைக்கும் கேட்டேன், அப்புறம் என்ன ஆச்சு?"

விஸ்வநாத் வாயைத் திறந்தார். நூறு நன்றி எழுதிய மனிதருக்கு ஒரு நன்றி தொண்டையை விட்டு வரவில்லை. கிதியோனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நடுமுற்றத்தில், சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார்.

கிதியோன் பதறிப்போனார்.

"நக்கோ சார், நக்கோ! அழாதீங்க! ஸ்டென்ட் வச்ச உடம்பு! மூச்சைக் கவனிங்க சார்... மெதுவா உள்ள இழுங்க... மெதுவா விடுங்க!"