மானியத்தில் வந்த மிஷின்

அமுதவல்லியின் தையல் கடைக்கு, நெற்றியில் ‘மாநகராட்சி மானியம்’ என்ற எழுத்தோடு ஒரு மிஷின் வந்தது. பழைய கத்தரிக்கோலுக்கு அது பொறுக்கவில்லை.

“தம்பி, நீ ஓசியில வந்தவன். ஆயுத பூஜைக்கு உனக்கெல்லாம் பொட்டு வைக்க மாட்டாங்க.”

“ஓசி இல்லண்ணே, ஊர்க்காசு,” என்று முனகியது மிஷின்.

சில மாதம் கழித்து, பூஜையன்று அமுதவல்லி கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்தாள், இஸ்திரிப் பெட்டிக்கும் வைத்தாள். மிஷினைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டாள். மிஷின் ஊசியைத் தாழ்த்திக்கொண்டது.

அந்த மிஷினில் தையல் கற்று, இப்போது அங்கேயே சம்பளம் வாங்கும் பெண்களையெல்லாம் அவள் உள்ளே அழைத்து வந்தாள்.

“நம்ம எல்லாருக்கும் சோறு போடுறது இதுதான். ஆளுக்கொரு பொட்டு வைங்கடி.”

நெற்றி எழுத்தே மறைந்துபோகும் அளவுக்குக் குங்குமம்.

“எனக்கு ஒண்ணுதானேப்பா,” என்றது கத்தரிக்கோல்.

“கிட்ட வாங்கண்ணே, என்னுது உங்க மேலயும் ஒட்டட்டும்.”